வெயிலில் விரிக்காத குடை

கறம்பக்குடிச் சந்தையில் எனக்குக் குடைக்காரர் என்று பேர். குடை விற்றவன் என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் இருந்தது ஒரே குடை, அதுவும் என்னுடையது இல்லை. மண்டை பிளக்கிற உச்சி வெயிலில் அதை மடக்கி, நடுவில் வெள்ளை நூல் சுற்றி, இடது கையில் பிடித்துக்கொண்டு புளியமரத்து நிழலுக்கு வெளியே நிற்பேன். நிழலுக்கு வெளியே நிற்பதுதான் முக்கியம். வெயிலில் நின்றால்தானே விரிக்காத குடை கண்ணில் படும்? சந்தைக்கு வந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். வெங்காயம் விற்ற அம்மாள் ஒருத்தி மட்டும் பரிதாபப்பட்டாள். நான் மலாயாவிலிருந்து வந்தவன், மலாயாவை இந்தப் பக்கம் பினாங்கு என்றுதான் சொல்லுவார்கள். "ஏங்க, பினாங்குல வெயிலே கெடையாதா? கொடை எதுக்குன்னே தெரியாமப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே" என்றாள். "அங்க வேற மாதிரி வெயிலு ஆத்தா" என்று சொல்லி வைத்தேன். வேறென்ன சொல்ல? கட்சி ஆள் என்னைக் கண்டுகொள்ள இந்தக் குடைதான் அடையாளம், அவர் வந்து சேராவிட்டால் மலாயாவில் ஒருத்தனைத் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்று வெங்காயக்காரியிடம் சொல்ல முடியுமா?

அந்த ஒருத்தன் என் கூட்டாளி. மலாயாவில் சிநேகிதனைக் கூட்டாளி என்றுதான் சொல்லுவோம். அவன் குளத்தூர்ப் பக்கம், நான் கறம்பக்குடிப் பக்கம். ஊரிலேயே இருந்திருந்தால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்திருக்கவே மாட்டோம். விவரம் தெரியாத வயசில் இரண்டு பேரையும் அப்பன்மார் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். ஒரே தோட்டம், தொழிலாளர் குடியிருக்கிற ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. ரப்பர் மரத்தில் பால் வெட்டி வளர்ந்தோம். ஜப்பான்காரன் வந்தான், சயாமுக்கு ரயில் போட எங்கள் அப்பன்மாரை இழுத்துக்கொண்டு போனான், அவர்கள் திரும்பவில்லை. ஜப்பான்காரன் போனதும் தோட்டத்தில் சங்கம் வைத்தோம். சங்கத்துக்குப் பின்னால் கட்சி இருந்தது. கம்யூனிஸ்டு என்றால் என்ன என்று எனக்கு முழுசாகப் புரிந்ததா என்று கேட்காதீர்கள். கூலியைக் கூட்டு என்று கேட்க எங்களோடு சீனனும் மலாய்க்காரனும் வந்து நின்றான், அது புரிந்தது. ஒருத்தன் பாஷை ஒருத்தனுக்குத் தெரியாது. எல்லோரும் மலாயில் பேசிக்கொள்வோம், அதையும் ஆளுக்கொரு விதமாகக் கொலை பண்ணுவோம்.

எங்கள் வட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு சீனத் தோழர். ஜப்பான்காரன் காலம் முழுக்கத் தலைமறைவாக இருந்து உயிர் தப்பியவர். எப்படித் தப்பினீர்கள் என்று கேட்டால் ஒரே ஒரு விதியைச் சொல்லுவார். ஆளைப் பார்க்கப் போனால் ஒரு பீடி குடிக்கிற நேரம்தான் நிற்கணும். ஆள் வரவில்லையா, நடையைக் கட்டு. அடுத்த முறை அதே இடம், அதே நேரம். நின்று தேடினால் நீயும் மாட்டுவாய், வரவேண்டியவனும் மாட்டுவான். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பே இருக்காது. எனக்கு அந்த விதி எலும்பில் ஊறிப்போனது.

இங்கே சுதந்திரம் வந்த மறு வருஷம் அங்கே கட்சிக்குத் தடை போட்டார்கள். தோட்டம் தோட்டமாகப் புகுந்து ஆள் பிடித்தார்கள். என்னையும் கூட்டாளியையும் ஒரே லாரியில்தான் ஏற்றினார்கள். அவனிடம் துப்பாக்கி அகப்பட்டது. நிஜமாகவே வைத்திருந்தானா, போலீஸ்காரன் வைத்துப் பிடித்தானா என்று இப்போதும் சிலர் என்னிடம் இழுத்து இழுத்துக் கேட்பார்கள். வைத்திருந்தான்தானய்யா! எவனையும் சுடவில்லை. கையில் இருந்தாலே தூக்கு என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டிருந்தான். என்னிடம் ஒன்றும் அகப்படவில்லை. அதனால் எனக்குக் கப்பல், அவனுக்குக் கயிறு.

என்னைக் கப்பலுக்கு அனுப்புகிற அன்று அவனைப் பார்த்தேன். ஜெயில் ஆபீசில் என் பேரைத் தேடிக்கொண்டிருந்த நேரம், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். அழுவான் என்று நினைத்தால் பயல் சிரிக்கிறான்.

"ஊருக்குப் போறியாடா? அதிர்ஷ்டக்காரன்."

"வாயை மூடுடா" என்றேன். எனக்குத்தான் அழுகை வந்தது.

"இந்தா பாரு, அழுவுறதுக்கு நேரமில்லை. அங்க போனதும் அங்க உள்ள கட்சியைத் தேடிப் பிடி. நான் அந்த மண்ணுல பொறந்தவன், துப்பாக்கி வச்சிருந்தேன், யாரையும் சுடலை. இதை மட்டும் சொல்லு. அவங்க டெல்லியில கேப்பாங்க. லண்டன் கட்சிக்கும் சொல்லி அனுப்புவாங்க. லண்டன்காரங்க பார்லிமெண்டுல கேப்பாங்க. வெளியில சத்தம் வந்தா இந்த வெள்ளைக்காரன் பயப்படுவான்டா, தூக்கை நிறுத்தி வைப்பான். அப்பீல் முடிய மாசக்கணக்காகும், அதுக்குள்ள போதும்."

"கேப்பாங்களாடா? நீ யாருன்னே தெரியாதவனெல்லாம் உனக்காகக் கேப்பானா?"

"என்னடா இப்படிக் கேக்குற? நமக்கு எல்லா நாட்டுலயும் ஆளு இருக்கு" என்றான். அவ்வளவுதான், போலீஸ்காரன் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

எல்லா நாட்டிலும் ஆள் இருக்கிறது என்றானே, நாகப்பட்டினத்தில் இறங்கினால் இங்கேயும் கட்சிக்குத் தடை! எனக்கு அது கரையேறின பிறகுதான் தெரியும். மூட்டை தூக்குகிற தொழிலாளி ஒருத்தர், மலாயாவிலிருந்து துரத்திவிடப்பட்டவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, ஒதுக்குப்புறமாக வந்து பேசினார். அவர் கண் நாலு பக்கமும் அலைந்தபடி இருந்தது. நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். "எங்கிட்டச் சொல்லாதீங்க, எனக்கு எதுவும் தெரியக்கூடாது. உங்களுக்கு எந்த ஊரு? கறம்பக்குடியா? நல்லது. சந்தை நாள்ல உச்சி வெயிலுக்குப் புளியமரத்தடிக்குப் போங்க. இந்தக் குடையை வச்சுக்குங்க, விரிக்காதீங்க. நம்ம ஆளு வந்து 'இந்தக் குடை விக்கிறதா'ன்னு கேப்பாரு. 'இது இரவல் குடைங்க'ன்னு சொல்லுங்க. மத்ததை அவருகிட்டப் பேசிக்குங்க" என்றார். தன் குடையையே கொடுத்தார், பாவம். எவ்வளவு நேரம் நிற்கணும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளுகிற விஷயமா என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டோம்.

ஊரில் அப்பாவின் அக்காள் மகன் இருந்தார், எனக்கு மச்சான். என்னை அவர் பார்த்ததே இல்லை. இருந்தும் அப்பா பேரைச் சொன்னதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "பினாங்குலேர்ந்து வாரவங்க டிரங்குப் பெட்டியோட வருவாங்கன்னு சொல்லுவாங்க. நீங்க குடையோட வந்திருக்கீங்க மச்சான்" என்று கேலி பண்ணினார். அவர் பெண்சாதி எனக்குத் தங்கச்சி முறை. நல்ல மனுஷி, வஞ்சகமில்லாமல் சோறு போட்டாள். யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டுப் பொழுது போயிருக்கும்.

நான் தனியாக இருந்தேன். இதை மென்று விழுங்கிச் சொல்ல எனக்குத் தெரியாது. அப்படி ஒரு தனிமையை அதுக்கு முந்தியும் அனுபவித்ததில்லை, பிந்தியும் இல்லை. தோட்டத்து லயத்தில் ஒருத்தன் தும்மினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். இங்கே மச்சானோடு வேலைக்குப் போவேன், வரப்பு வெட்டுவேன், மாடு கழுவுவேன். பேச என்ன இருந்தது? அவர்களுக்குத் தெரிந்த மனிதர்கள் எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தவர்களின் பேரைக்கூட நான் சொல்லக்கூடாது. கல்யாணம் ஏன் பண்ணவில்லை, ஏன் வெறுங்கையோடு வந்தீங்க, மறுபடி எப்போ போவீங்க, இதையே மாற்றி மாற்றிக் கேட்டார்கள். பொய் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போச்சு. ஒருநாள் தொழுவத்தில் ஒரு ஆட்டுக்கிடாயைப் பிடித்துக்கொண்டு மலாயில் பேசிக்கொண்டிருந்தேன். மறந்துபோகுமே என்று ஒரு பயம், வேறொன்றுமில்லை. தங்கச்சி கேட்டுவிட்டாள். காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிச்சு, மணிக்கட்டில் கயிறு கட்டிவிட்டார்கள். கையில் கயிற்றைப் பார்த்ததும் எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது, அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பேய் இறங்குகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

சந்தை நாள் வந்தால் மச்சானின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கறம்பக்குடிக்குப் போவேன். புளியமரத்துக்கு எதிரில் ஒரு சைக்கிள் கடை. வாடகைக்கு விடுவது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் உண்டு, சந்தைக்கு வருகிறவர்கள் வண்டியை அங்கேதான் விட்டுப்போவார்கள். நானும் விடுவேன். பிறகு புளியமரத்துக்கு வந்து, குடையை இடது கைக்கு மாற்றி, பீடியைப் பற்ற வைப்பேன். பீடி முடியும். யாரும் வரமாட்டார்கள். பீடியைக் காலில் தேய்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்ச் சைக்கிளை எடுப்பேன். சீனத் தோழர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

அந்தக் கடைக்காரரைக் கண்டாலே எனக்கு ஆகாது. முன் வழுக்கை, எண்ணெய்க் கறை படிந்த பனியன், குத்துக்காலிட்டு உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் சைக்கிளை எடுக்கப் போனால், "அதுக்குள்ளயா கெளம்பிட்டீங்க? சந்தை இன்னும் கூடவே இல்லையே" என்பார். உனக்கென்னய்யா வந்தது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு மிதிப்பேன்.

ஒரு வாரம் தேங்காய் வியாபாரி ஒருத்தர் என்னிடம் வந்து, "என்னய்யா, விரிக்கத் தெரியலைன்னா அந்தக் குடையை எங்கிட்ட வித்துடேன்" என்றார். சொல்லிக்கொடுத்த வார்த்தை அப்படியே இல்லை, கொஞ்சம் முன்னே பின்னே மாறியிருக்கலாம் என்று நானே சமாதானம் பண்ணிக்கொண்டு, அவர் காதருகே குனிந்து, "இது இரவல் குடைங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இரவல் குடையா! அதான் விரிச்சாத் தேஞ்சுபோயிரும்னு பாக்குறீரு" என்று சொல்லி, பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டுச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு வழி?

வாரம் போய்க்கொண்டே இருந்தது. அப்பீல் என்ன ஆனதோ, உயிரோடு இருக்கிறானோ, தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. சும்மா இருக்கப் பொறுக்காமல் ஒருநாள் பஸ் ஏறிக் குளத்தூர்ப் பக்கம் போனேன். அவன் பிறந்தது இன்ன வீடு என்று சொல்ல நாலு பேர் இருந்தால் கட்சிக்கு அதுவும் உதவும் என்று ஒரு எண்ணம். கேட்டுக் கேட்டு ஊரைக் கண்டுபிடித்தேன். வீடு இருந்த இடத்தில் எருக்கஞ்செடி. பக்கத்து வீட்டில் புளி ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பெண், "அவங்கல்லாம் கப்பலேறிப் போயி எந்தக் காலம்! ஒருத்தரும் திரும்பலையே" என்றாள். அவன் பேரைச் சொன்னேன். அப்படி ஒரு பிள்ளை இருந்ததா என்றே அவளுக்கு ஞாபகமில்லை. "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"கூட்டாளி" என்றேன்.

"வியாபாரமா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். லண்டனில்கூட ஆள் இருக்கிறது என்றானே, அவன் பிறந்த ஊரில் அவனுக்கு ஒருத்தர் இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் அவன் மேலேயே கோபம் வந்தது. எல்லா நாட்டுலயும் இருக்காங்களாம்! எனக்குக் கறம்பக்குடியில் ஒரே ஒருத்தன் கிடைக்கவில்லையேடா.

அடுத்த சந்தை நாளில் வழக்கம்போல் பீடி முடிந்து, சைக்கிளை எடுக்கப் போனேன். பின்சக்கரம் தரையோடு தரையாகக் கிடந்தது.

"காத்து இல்லைங்க" என்றார் கடைக்காரர்.

"வரும்போது கல்லு மாதிரி இருந்துச்சே!"

"இருந்துச்சு. இப்ப இல்லை. பஞ்சராயிருக்கும், உக்காருங்க, ஒட்டித் தாரேன்."

"ஒட்டவெல்லாம் வேணாம், காத்தடிச்சு விடுங்க, நான் போகணும்."

"காத்து நிக்காதுங்க. உக்காருங்க" என்றார், என்னைப் பார்க்காமலே. விதி மீறிப்போகிறதே! எரிச்சலோடு கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்தேன். அவர் சாவதானமாக டயரைக் கழற்றினார், டியூபை உருவினார், காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கினார். எங்கேயும் குமிழி வரவில்லை. சுற்றிச் சுற்றி அமுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, தண்ணீரைப் பார்த்தபடியே, "இந்தக் குடை விக்கிறதா?" என்றார்.

ஏற்கெனவே ஒருமுறை அசடு வழிந்தவன் இல்லையா, வாய் திறக்கப் பயம். அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களைத்தாங்க. இந்தக் குடை விக்கிறதா?"

"இது இரவல் குடைங்க."

"அப்பாடா" என்றார். "இப்பவாச்சும் ஒரு எடத்துல உக்காந்தீங்களே."

கட்டிப்பிடித்து அழுதேன் என்று எழுதலாம், படிக்க நன்றாக இருக்கும். நான் சண்டைதான் போட்டேன். "இத்தனை சந்தையா எதிர்லயே உக்காந்திருந்தீங்களா? வந்து ஒரு வார்த்தை கேட்டா என்னய்யா?"

"நீங்க நின்னா என்னங்க?" என்றார் அவரும் விடாமல். "எங்க வழக்கம் ஒண்ணு இருக்குல்ல? புதுசா வார ஆளைச் சந்தை கலையுற வரைக்கும் பாக்கணும். யாருகிட்டப் பேசுறாரு, பின்னால யாரு வாரா, போலீஸ் ஸ்டேஷன் பக்கம் ஒதுங்குறாரா, எல்லாம் பாத்துட்டு, கலையுற கூட்டத்தோட கூட்டமா கிட்டப் போகணும். நீங்க என்ன பண்றீங்க? ஒரு பீடி. பீடியை மிதிச்சா ஆளைக் காணோம். யாருக்கோ சாடை காட்டிட்டுப் போற மாதிரில்ல இருக்கு? மேல உள்ளவங்க உளவாளின்னே முடிவு கட்டிட்டாங்க."

"உளவாளியா? நானா?"

"சத்தம் போடாதீங்க. நான்தான் சொன்னேன், எந்த உளவாளியும் இம்புட்டு மடத்தனமா வெயில்ல காய மாட்டான்னு. சரி, பேசிப் பாருன்னு இப்பத்தான் உத்தரவு வந்துச்சு. நீங்க நின்னாத்தானே பேச? அதான் காத்தைப் புடுங்கி விட்டேன்."

ஒரு பீடி நேரத்துக்கு மேல் நிற்காதே என்றது அங்கே உள்ள கட்சி. சந்தை கலைகிறவரை கிட்டப் போகாதே என்றது இங்கே உள்ள கட்சி. இரண்டும் அனுபவப்பட்டு, ஆள் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டதுதான். அவர் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை. யாரையாவது பிடித்துத் திட்டலாம் என்றால் ஒருத்தரும் இல்லை, அதுதான் இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல்.

விஷயத்தைச் சொன்னேன். எழுதக்கூடாது, எல்லாம் வாய்வழிதான். ஓட்டையில்லாத டியூபை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே அவர் கேட்டார். எங்கள் தோட்டத்து மரத்துப் பாலில் செய்த டியூபாகக்கூட இருக்கலாம் என்று எனக்கு அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. நான் முடித்ததும் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "குளத்தூர்ப் பக்கம் பொறந்தவர். வச்சிருந்தார். யாரையும் சுடலை. அப்பீல் நடக்குது. டெல்லியிலயும் லண்டன்லயும் கேக்கணும். சரியா?" சரி என்றேன். "போயிரும். இங்கேருந்து தஞ்சாவூரு, அங்கேருந்து மெட்ராசு, பம்பாய், லண்டன். ஒவ்வொரு எடத்துலயும் ஒரு ஆளு இருக்காரு" என்றார். அதைக் கேட்டதும்தான் என் கண்ணில் நீர் வந்தது. கூட்டாளி சொன்னது பொய்யில்லை. ஆள் இருக்கத்தான் செய்தது.

"இனிமே நாம பேசக்கூடாது. ஆனா திடீர்னு வராம இருந்துடாதீங்க, சந்தேகம் வரும். அதே குடை, அதே பீடி. சேதி வந்தா நான் காத்தைப் புடுங்கி விடுறேன்" என்றார்.

அதிலிருந்து சந்தை நாள் என்றால் எனக்குப் பின்சக்கரம்தான். பீடி முடிந்து வந்து, ஹேண்டில்பாரைப் பிடிக்கிற சாக்கில் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். கல்லு மாதிரி இருக்கும். கடைக்காரர் நிமிர மாட்டார். ஊரில் என்னைத் தெரிந்த ஒரே மனிதர் அவர், அவரோடு பேசக்கூடாது! முன்னே ஆளே இல்லை என்ற தனிமை. இப்போது ஆள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்க, "காத்து இருக்காங்க?" "இருக்குங்க" என்பதோடு முடிந்துபோகிற தனிமை. எது பெரிசு என்று கேட்டால் இரண்டாவதுதான் என்பேன். ஒருமுறை அவருக்குக் காய்ச்சல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார். என்னங்க உடம்புக்கு என்று கேட்கவும் முடியாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன்.

ஆனால் அந்த வாரங்களில் நம்பிக்கை இருந்தது. வரப்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, இந்நேரம் பம்பாய் போயிருக்கும், இந்நேரம் கப்பலில் போகும் என்று நினைத்துக்கொள்வேன். முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரன் எழுந்து நின்று, வாய் சுளுக்கிக்கொள்ள என் கூட்டாளி பேரைச் சொல்லுவான் என்று நினைத்தால் சிரிப்பு வரும். தங்கச்சிகூட, "கயித்துக் கட்டு வேலை செய்யுதுங்க, அண்ணன் மொகம் தெளிஞ்சிருக்கு" என்று மச்சானிடம் சொன்னாள்.

ஒரு சந்தை நாள் அழுத்திப் பார்த்தேன். டயர் உள்ளே போனது.

அவரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் டயரைக் கழற்றவே இல்லை. பம்பைக் கையில் எடுத்து, மறுபடி கீழே வைத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"சேதி போய்ச் சேந்துச்சுங்க" என்றார். "நீங்க சொன்னது ஒரு சொல்லு குறையாம லண்டன் வரைக்கும் போயிருக்கு. அங்க பார்லிமெண்டுல ஒருத்தரு எந்திரிச்சுக் கேட்டாராம். மந்திரி பதில் சொன்னாராம், முந்தின வாரமே தூக்கை நிறைவேத்தியாச்சுன்னு."

முந்தின வாரம். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. இரண்டு பேர் மண்டைக்குள்ளேயும் வாரா வாரம் நான் மிதித்துவிட்டுப் போன அந்தப் பீடிகள்தான் ஓடின, எனக்குத் தெரியும்.

அவர் பம்பை ஓரமாகத் தள்ளினார். "இன்னொண்ணு இருக்குங்க. லண்டன்ல கப்பல் துறைத் தொழிலாளிங்க கூட்டம் போட்டு, வேலையை நிறுத்திட்டு எந்திரிச்சு நின்னாங்களாம். கொழும்புலயும் கல்கத்தாவுலயும் நின்னிருக்காங்க. அவங்க அஞ்சலியை அவரு குடும்பத்துக்கு நேர்ல சொல்லணும்னு உத்தரவு. குளத்தூர்ப் பக்கம் யாரு இருக்கா? சொல்லுங்க, நானே போறேன்."

"யாரும் இல்லை."

"தூரத்துச் சொந்தமாவது?"

"ஒருத்தரும் இல்லைங்க. எங்கிட்டச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். எழுந்தார். எண்ணெய்க் கையைப் பனியனில் துடைத்தார், அது போகவில்லை, மறுபடி வேட்டியில் துடைத்தார். நானும் எழுந்து நின்றேன். மனப்பாடம் பண்ணிவைத்ததை, மெல்லிய குரலில், ஒவ்வொரு ஊரையும் ஒவ்வொரு நாட்டையும் விடாமல் சொன்னார். நான் அதுவரை காதால்கூடக் கேட்டிராத ஊரெல்லாம் அதில் இருந்தது. சொல்லி முடித்துவிட்டு, "உங்க குடும்பத்துக்கு இது பெரிய இழப்புங்க" என்றார். அந்தக் கடைக்குள், கழற்றிப்போட்ட சக்கரங்களுக்கு நடுவில், நாங்கள் இரண்டு பேரும் கையைத் தொங்கவிட்டு நின்றோம்.

"ஏங்க, காத்தடிக்கணுங்க" என்று வாசலில் ஒருத்தர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். கடைக்காரர் அசையவில்லை. "கடையில ஆளு இருக்கீங்களா இல்லையா?" என்று அவர் மறுபடி சத்தம் போட்டார். "இந்தா வாரேன்" என்று சொல்லிப் பம்பை எடுத்துக்கொண்டு போனார் இவர்.

நான் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். சந்தை நிறைந்து கிடந்தது, எல்லோரும் எனக்குத் தெரிந்த முகங்கள்தான். அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. எங்கே போய் முகத்தை ஒளிப்பது? நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, குடையை விரித்துத் தலைக்குமேல் நன்றாக இறக்கிப் பிடித்துக்கொண்டேன். இனி அதைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ள யாரும் வரவேண்டியதில்லை.

முதலில் பார்த்தவர் அந்தத் தேங்காய் வியாபாரி. "அடேய், இங்க பாருங்கடா, குடைக்காரரு விரிச்சுட்டாரு!" என்று கத்தினார். சந்தையே திரும்பிப் பார்த்தது. யாரோ கைதட்டினார்கள், ஒருத்தர் சீட்டியடித்தார். வெங்காயக்கார ஆத்தாளும், "இப்பத்தாங்க நல்லாருக்கு" என்று சிரித்தாள். நான் குடையை இன்னும் கீழே இறக்கிக்கொண்டு, கைதட்டலுக்கு நடுவில் நடந்து ஊருக்குப் போனேன்.